தாவுவதினும் அரிது தரை சேர்தல்



சென்னை அண்ணா சாலையில் 1973ஆம் ஆண்டு மேம்பாலம் எழுந்த இடத்தை மக்கள் இன்றும் ஜெமினி என்றே வழங்குகின்றனர். எஸ். எஸ். வாசன் அவர்களின் ஜெமினி ஸ்டுடியோ அங்கே இருந்ததே அதற்குக் காரணம். அவர் 1948இல் வெளியிட்ட 'சந்திரலேகா' திரைப்படத்தில் சர்க்கஸ் காட்சிகள் சிறப்பிடம் பெற்றன. ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் தாவும் கலைஞரைக் காணும்போது நம் நெஞ்சு படபடக்கிறது. ஆனால், அந்தரத்தில் இருக்கும் வரையில் அவருக்கு அடியேதும் படுவதில்லை. கீழே வந்து நிற்கும் கணத்தில்தான் ஆபத்து இருக்கிறது. அதனை அவர் எவ்வாறு வெல்கிறார் என்பதை இன்று காண்போம்.

2 மீட்டர் உயரமுள்ள மதிலிலிருந்து ஒரு மாணவன் குதிப்பதாகக் கொள்வோம். தரையை அடையும்போது அவனது வேகம் மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர். இந்த வேகத்தை அவனால் குறைக்க முடியாது. அதனை நிர்ணயிப்பது உயரமே. ஆயினும், எவ்வளவு தொலைவுக்குள் அந்த வேகத்தை அடக்குவது என்பது ஓரளவு அவன் கையில் உள்ளது. கணக்கு எளிது. விழுந்த உயரத்தோடு, நிற்பதற்குள் உடல் தாழும் தொலைவைக் கூட்டுக. கூட்டிய தொகையை அத்தொலைவால் வகுக்க. உடலின் எடையைப் போல் எத்தனை மடங்கு விசை சராசரியாகத் தாக்குகிறது என்பது கிடைக்கும்.

காலை விறைப்பாக நீட்டிக் குதித்து, 5 சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால் 41 மடங்கு. முன்பாதத்தை முதலில் ஊன்றி, குதிகாலைத் தாழ்த்தி, முழங்காலையும் இடுப்பையும் மடக்கி 50 சென்டிமீட்டர் தாழ்ந்தால் 5 மடங்குதான். உயரமும் உடலும் மாறவில்லை. முழங்கால் மடங்கியது ஒன்றே வேறுபாடு. இவை சராசரிக் கணக்குகள். தரையைத் தொட்டவுடன் எழும் உச்ச விசை இவற்றினும் மிகும்.

இனி ஊஞ்சற் கலைஞரிடம் வருவோம். அவர் 10 மீட்டர் விழுந்து வலையை அடைகிறார். வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். வலை 2 மீட்டர் தாழ்ந்து அவரை நிறுத்துமாயின், தாக்கும் விசை 6 மடங்கு. ஐந்து பங்கு உயரத்திலிருந்து விழுந்தவர், மதிலிலிருந்து செவ்வையாகக் குதித்த மாணவனைவிடச் சற்றே மிகுதியாகத்தான் தாங்குகிறார்!

வகுப்பில் இதனை விளக்க, நான் இரு மாணவர்களை ஒரு படுக்கை விரிப்பைத் தளர்வாகப் பிடிக்கச் செய்து, அதன்மேல் கோழி முட்டையை வீசச் சொல்வதுண்டு. வேகமாக எறிந்தாலும் முட்டை உடையாது. மெரினா மணலில் குதிப்பதும், மயிலைக் குளத்தின் கற்படியில் குதிப்பதும் ஒன்றாகாமைக்கும் காரணம் இதுவே.

எனினும் வலையை மட்டும் நம்பியிருத்தல் தகாது. தலை முன்னாக விழுந்தால் கழுத்துக்குக் கேடு. கால் முன்னாக விழுந்தால் கணுக்கால் பிசகலாம். ஆதலால் கலைஞர் உடலைத் திருப்பி முதுகு படிய விழுகிறார். விசை பரந்த இடத்தில் பகிரப்படுகிறது. வலை மீண்டும் மேலே எறியும் என்பதையும் அவர் மறப்பதில்லை. இவ்வாறு விழும் முறையே பயிற்சியின் முதற்பாடம். உடற்பயிற்சி ஆசிரியரான கீலேரி குஞ்ஞிக்கண்ணன், 1901இல், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த தலைச்சேரியின் அருகே சர்க்கஸ் பயிற்சிப் பள்ளியே தொடங்கினார். துணிவு ஒன்றே போதுமாயின் பள்ளி எதற்கு?

வளரும் பருவத்தில் எலும்பின் முனைகளுக்கருகே மெல்லிய குருத்தெலும்புத் தட்டுகள் உள்ளன. எலும்பு நீள்வது அவற்றாலேதான். மீண்டும் மீண்டும் மோதல் ஏற்பட்டால் அவை ஊறுபடும். சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு அமர்த்துதல் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2011இல் பிறப்பித்த ஆணை அவர்தம் உரிமைகளைக் காக்க எழுந்தது. உடல்நூலும் அதற்குத் துணை நிற்கிறது.

ஆகவே மாணவர்களே, தோழர் முன் வீரம் காட்ட உயர்ந்த மதிலிலிருந்து குதிக்க வேண்டா. விளையாட்டுத் திடலில், மணற்குழியில், ஆசிரியர் முன்னிலையில் குதித்துப் பழகுங்கள். ஏறும் முன்னர் இறங்கும் வழியைக் கற்றுக்கொள்ளுங்கள்.