பாஸ் மீனுக்கு ராட், ரீல், லூர்: நான் தலைகீழாக வாங்கிய கதை

போன மாதம் நண்பர் ஒருவர் கூப்பிட்டு, "நானும் பாஸ் பிடிக்க ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், நல்ல ராட் ஒண்ணுக்கு லிங்க் அனுப்புங்க" என்றார். லிங்க் அனுப்புவது சுலபம். ஆனால் அப்படி லிங்க் பார்த்து வாங்கித்தான் நான் முதல் இரண்டு வருஷத்தைத் தொலைத்தேன். அவருக்கு எழுத ஆரம்பித்த மெயில் நீண்டுகொண்டே போய் இந்தக் குறிப்பாகிவிட்டது. நான் இருப்பது டாலஸ் பக்கம், அதனால் உதாரணமெல்லாம் டெக்சஸ் ஏரிகள்.

முதலில் மீன். லார்ஜ்மௌத் பாஸ் என்பது பெயரில்தான் பாஸ், குடும்பம் சன்ஃபிஷ். ஆனால் நடவடிக்கையில் நம்ம ஊர் விரால் மாதிரி. பாசி, கோரை, மூழ்கிய மரம், படகுத்துறையின் நிழல் என்று ஏதாவது ஒன்றின் ஓரத்தில் அசையாமல் நிற்கும். பக்கத்தில் எது வந்தாலும் பெரிய வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சிவிடும். இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று, லூர் அந்த மறைவுக்குப் பக்கத்தில் போய் விழவேண்டும். இரண்டு, கொக்கி மாட்டியதும் மீன் மறுபடி அந்த மறைவுக்குள்ளேயே ஓடப் பார்க்கும், அதை நிறுத்தவேண்டும். ராட், ரீல், லைன் எல்லாமே இந்த இரண்டு வேலைக்காகத்தான்.

ஆகவே வாங்கும் வரிசை: லூர், அதன் பிறகு லைன், அதன் பிறகு ராட், கடைசியில் ரீல். பெரும்பாலானவர்கள் பளபளப்பான ரீலில் ஆரம்பிக்கிறோம். என்ன புரோகிராம் ஓடப்போகிறது என்று தெரியாமலே சர்வர் வாங்குகிற மாதிரி.

நான் முதலில் வாங்கியது 7 அடி 3 அங்குலம், 'ஹெவி' ராட், கூடவே பெயிட்காஸ்டிங் ரீல். வீடியோவில் ஒருவர் அதை வைத்து அநாயாசமாக எறிந்துகொண்டிருந்தார். என் பெட்டியில் இருந்த லூர்களோ 1/8 அவுன்ஸ், அதாவது மூன்றரை கிராம். ராட்டின் கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் 'லூர் 1/2 – 1 1/2 அவுன்ஸ்' என்று போட்டிருந்ததை நான் படிக்கவே இல்லை. ராட் என்பது ஒரு ஸ்பிரிங். லூரின் எடை அதைப் பின்னால் வளைக்கவேண்டும், அது நிமிரும்போதுதான் லூர் பறக்கும். மூன்றரை கிராமுக்கு அந்த ராட் வளையவே வளையாது. உலக்கை நுனியில் நூல் கட்டிப் புளியங்கொட்டையை எறிவது போலத்தான்.

ராட்டில் இன்னும் இரண்டு சொற்கள் இருக்கும். 'பவர்' என்றால் வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. 'ஆக்‌ஷன்' என்றால் எந்த இடத்தில் வளைகிறது என்பது. நுனியில் மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட், நடுவரை வளைந்தால் மாடரேட். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். கொக்கி முனையைப் பிளாஸ்டிக் புழுவுக்குள் மறைத்துக் கோக்கும் டெக்சஸ் ரிக்குக்கு ஃபாஸ்ட் வேண்டும். ஏனென்றால் முனை புழுவைக் கிழித்து வெளியே வந்து மீன் வாயில் ஏறவேண்டும், அதற்கு ஒரு வெடுக். கிராங்க்பெயிட் மாதிரி மும்முனைக் கொக்கி தொங்கும் லூர்களுக்கு மாடரேட். அந்தச் சின்னக் கொக்கிகள் தானாகவே மாட்டிக்கொள்ளும். விறைப்பான ராட்டால் வெடுக்கென்று இழுத்தால் பிய்ந்து வந்துவிடும்.

ரீலுக்கு வருவோம். பெயிட்காஸ்டிங் ரீலின் மூதாதை 1800களின் தொடக்கத்தில் கென்டக்கியில் கடிகாரத் தொழிலாளிகள் செய்தது. இதில் எறியும்போது ஸ்பூலே சுற்றும். லூர் காற்றில் வேகம் இழக்கும், ஸ்பூல் இழக்காது. தேவைக்கு மேல் லைனை விட்டுக்கொண்டே இருக்கும். புரொட்யூசர் வேகமாக எழுத, கன்ஸ்யூமர் மெதுவாகப் படித்தால் க்யூ நிரம்பி வழியும் இல்லையா, அதேதான். கையில் குருவிக்கூடு மாதிரி ஒரு சிக்கல் வந்து நிற்கும். லூர் இலேசாக இருந்தால் இன்னும் மோசம். இதற்குத்தான் பக்கவாட்டில் காந்த பிரேக். அலுமினிய ஸ்பூல் வேகமாகச் சுற்றச் சுற்ற அதில் சுழல் மின்னோட்டம் அதிகமாகி, பிரேக்கும் அதிகமாகும். காலேஜில் லென்ஸ் விதி படித்தபோது இது எதற்கு உதவும் என்று நினைத்தவன் நான்.

ஸ்பின்னிங் ரீலில் எறியும்போது ஸ்பூல் சுற்றாது, லைன் விளிம்பு வழியாக உருவிக்கொண்டு போகும். அதனால் இலேசான லூருக்கும் புதியவர்களுக்கும் அதுதான். மூடிய முகத்தோடு பட்டனை அழுத்தி எறியும் ஸெப்கோ ரீலும் இந்த வகைதான். ஒரு சுவாரசியம்: ஸெப்கோ என்ற பெயர் 'ஸீரோ ஹவர் பாம் கம்பெனி' என்பதன் சுருக்கம். எண்ணெய்க் கிணறுகளுக்கு டைம் பாம் செய்துகொண்டிருந்த டல்ஸா நகரத்துக் கம்பெனி, 1949ல் ரீல் செய்ய ஆரம்பித்தது.

இனி என் இரண்டாவது தவறு. இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஹெவி ராட்டில் தோற்ற கோபத்தில் நேர் எதிர்ப்பக்கம் போனேன். அல்ட்ராலைட் ராட், 4 பவுண்ட் லைன். எறிவதற்கு அருமை. ஒரு ஆகஸ்ட் மாதம் மகளோடு லேக் ஃபோர்க் போனேன். டாலஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம், தண்ணீருக்குள் மொட்டை மரங்கள் நிற்கும் ஏரி. அவள் கையில் இருந்தபோது ஒரு நல்ல மீன் மாட்டியது. இழுத்தால் லைன் அறுந்துவிடும் என்று, "விடு, விடு, ஓடட்டும்" என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். வந்தது, அளந்தோம், 18 அங்குலம். போட்டோ எடுத்தோம். அந்த ஏரியில் 16 அங்குலத்துக்கு மேல் 24க்குள் இருக்கும் பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது, உடனே விட்டுவிட வேண்டும். விட்டோம். அது பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. தண்ணீருக்குள் பிடித்து நிமிர்த்தி வைத்தேன், மறுபடி சாய்ந்தது. "அப்பா, அது நீந்தல" என்றாள். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். திரும்பி வரும்போது காரில் அவள் பேசவில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. நீண்ட போராட்டத்தில் மீனின் தசையில் லாக்டிக் அமிலம் சேருகிறது. அதற்கு மேல் போட்டோவுக்காகக் காற்றில் வைத்திருப்பது. மூன்றும் சேர்ந்தால் தப்பிப்பது கஷ்டம். மெல்லிய லைனில் பெரிய மீன் பிடிப்பதை வீரமாகப் பேசுவார்கள். கோடைக்காலத்தில், விட்டுவிடப் போகிற மீனிடம் அது வேண்டாம்.

இப்போது லைன் 10 பவுண்டுக்குக் குறையாது. ரீலில் டிராக் என்று ஒரு திருகு உண்டு. எவ்வளவு இழுத்தால் லைன் தானாக விடும் என்பதை அது முடிவு செய்யும். லைன் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வைக்கலாம். பத்து பவுண்ட் லைனுக்கு இரண்டரை, மூன்று பவுண்ட். அளக்கத் தனிக் கருவி வேண்டாம். ஊருக்குப் போகும்போது சூட்கேஸ் எடை பார்க்கும் தொங்கு தராசு எல்லார் வீட்டிலும் இருக்குமே, அதில் லைனைக் கட்டி இழுத்துப் பார்த்தால் போதும்.

லூர் பற்றிக் கொஞ்சம். கடையில் நாற்பது நிறம் இருக்கும், அவை பிடிப்பது பெரும்பாலும் நம்மைத்தான். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பாஸ் மீன்களை நிறப் புள்ளிகளுக்குப் பழக்கிச் சோதித்திருக்கிறார்கள். சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தறிகிறது. பளிச் மஞ்சளையும் வெள்ளையையும், அடர் நீலத்தையும் கறுப்பையும் குழப்பிக்கொள்கிறது. எனவே தெளிந்த தண்ணீருக்குப் பச்சை கலந்த பழுப்பு, கலங்கலுக்குக் கறுப்பு என்று இரண்டு நிறப் புழு போதும் எனக்கு. நிறத்தைவிட ஆழமும் வேகமும் முக்கியம்.

நண்பருக்கு என் பதில்: 7 அடி, மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன் ஸ்பின்னிங் ராட், 3/16 முதல் 5/8 அவுன்ஸ் வரை தாங்குவது. 2500 அல்லது 3000 அளவு ரீல். 10 பவுண்ட் பிரெய்ட் லைன், அது நீளாது, அதனால் புழுவைத் தொட்டாலே கையில் தெரியும். நுனியில் ஆறேழு அடி 10 பவுண்ட் ஃப்ளூரோகார்பன். 5 அங்குலப் பிளாஸ்டிக் புழு, 3/0 ஆஃப்செட் கொக்கி, 3/16 அவுன்ஸ் புல்லட் எடை, 3/8 அவுன்ஸ் ஸ்பின்னர்பெயிட் ஒன்று. பெயிட்காஸ்டிங் அடுத்த வருஷம் பார்க்கலாம். கொக்கி கழற்ற நீள மூக்குக் குறடு மட்டும் முதல் நாளே வேண்டும்.

அல்ட்ராலைட் ராட்டை விற்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காக் குட்டையில் புளூகில் பிடிக்க மகள் வைத்திருக்கிறாள். உள்ளங்கை அளவு மீன், அரை நிமிஷத்தில் கரைக்கு வந்துவிடுகிறது. கையை நனைத்துக்கொண்டுதான் தொடவேண்டும் என்று இப்போது எனக்கு அவள் சொல்கிறாள்.