சிறுபாணன் உண்ட வழிச்சோறு

பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையால் வாடி எதிரே வரும் மற்றொருவனை வள்ளலிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை. வள்ளலின் புகழ் பாடுவதே அதன் நோக்கம் என்று வகுப்பறையில் கற்பிக்கின்றோம். அது உண்மையே. ஆயினும், இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் ஓய்மானாட்டு நல்லியக்கோடன்மேல் பாடிய சிறுபாணாற்றுப்படையை ஊன்றி நோக்கின், 269 அடிகள் கொண்ட அந்நூல், கையில் காசில்லாத வழிநடைக்காரன் எவ்வூரில் எதனை உண்ணலாம் என்று சொல்லும் கையேடாகவும் விளங்கக் காணலாம்.

பரிசில் பெற்ற பாணன் தன் பழைய நிலையை நினைந்து கூறும் பகுதி நெஞ்சை உலுக்குவது. கூரை சிதைந்து, கரையான் அரித்த சுவரில் காளான் பூத்த அடுக்களை. அங்கே ஈன்றணிமை நாய், மடியில் பாலின்மையால் தன் குட்டிகளையே பொறாது குரைக்கின்றது. பாணனின் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, அயலார் காண நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கின்றாள். பசியைவிட அந்த அடைத்த கதவே நம்மைப் பெரிதும் வருத்துகின்றது.

உப்புக்கும் வழியற்ற அவ்வடுக்களையைக் காட்டிய புலவர், நல்லியக்கோடன் நாட்டில் முதலில் சுட்டும் ஊர் எயிற்பட்டினம். அதுவே இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் பலர் துணிபு. இன்று பாத்தி பாத்தியாக உப்பு விளையும் கரை அது. புலவர் இத்தொடர்பை எண்ணிப் பாடினாரா என்பது வேறு வினா; கற்பவர்க்கு அது தோன்றாமற் போகாது.

எயிற்பட்டினத்தில் பரதவர் தருவது உலர்ந்த குழல்மீனைச் சுட்டதும் கள்ளும். வேலூரில் எயிற்றியர் ஆக்கிய புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும் கிடைக்கும். ஆமூரில் உழவர் மனையில் வெண்சோறும் நண்டும். இவ்வேலூரை மரக்காணத்திற்கு மேற்கேயுள்ள உப்புவேலூர் எனவும், அரசன் வாழ்ந்த கிடங்கிலைத் திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல் எனவும் கொள்வர். அரண்மனை விருந்து சமையல் நூல் முறைப்படி ஆக்கியது, பொற்கலத்தில் இடப்படுவது. அது அவ்வாறிருக்க. வழியிலுள்ள மூன்று ஊர்களிலும் அவ்வந்நிலத்தார் தம் வீட்டிற்கு ஆக்கியதே விருந்தாகின்றது. தொலைவிலிருந்து வருவித்த பண்டம் ஒன்றும் இல்லை. குறைந்த பொருளில் நிறைவாக உண்ணும் வழி இதுவே என்பது நம் கருத்து.

கள்ளை நாம் விடுத்து மேற்செல்வோம். 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் நச்சுச் சாராயம் பல குடும்பங்களைச் சிதைத்ததை நாடறியும். மீனோ அவ்வாறன்று. வெளியூரில் இறைச்சி உண்ணத் தயங்கும் நம் பிள்ளைகளுக்கும் கடல்மீனில் ஐயமில்லை. அதனை அறுத்த முறை யாது என்று வினவ வேண்டுவதில்லை.

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில், சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டரில் மரக்காணம் உள்ளது. இத்தகைய கரையூர்களில் வஞ்சிரத்தை நாடுவோர் பை விரைவில் காலியாகும். மத்தி, நெத்திலி, காரப்பொடி ஆகிய சிறுமீன்கள் விலை குறைந்தவை, உரமோ குறைந்ததன்று. சிற்றுண்டிச் சாலைகளில் சாப்பாட்டோடு மீன்குழம்பு ஊற்றுவர். வறுவலுக்கே தனி விலை. குழம்போடு நிறைவுகொள்பவனுக்குச் செலவு பாதியாகும். கோடையில் சாலையோரத் தள்ளுவண்டிகளில் கேழ்வரகுக் கூழும் மோர்மிளகாயும் கருவாடும் கிடைக்கும். வெயிலில் வியர்வையோடு உடல் நீரையும் உப்பையும் இழப்பதால், உப்பிட்ட கூழும் நீராகாரமும் குளிர்பானங்களினும் மேலானவை. உப்பளத் தொழிலாளரைக் கேட்டால் சொல்வர்.

ஒன்றை மறவற்க. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாமையால் மீன் விலை ஏறும். நம் கல்லூரி விடுமுறையும் அப்போதுதான். அந்நாட்களில் கைகொடுப்பது கருவாடு. எயிற்பட்டினத்துப் பரதவர் பாணனுக்குச் சுட்டுத் தந்ததும் உலர்ந்த மீனேயன்றோ!

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கல்விச் சுற்றுலாவில் சில மாணவர் உணவு விடுதிக்குள் வாராமல், பசியில்லை என்று கூறி வெளியே நிற்பதைக் கண்டிருக்கின்றோம். கையில் பிஸ்கட் பொட்டலம் இருக்கும். விலை கேட்க நாணம். கேட்டபின் வேண்டாமென்று எழுந்துவர அதனினும் நாணம். இதுவும் கதவடைத்து உண்பதே. திருக்குர்ஆன் ஜகாத் பெறத் தகுதியுடையோராக எண்வகையினரைச் சுட்டுகின்றது. அவருள் வழிப்போக்கரும் ஒருவர். சொந்த ஊரில் செல்வராயினும் வழியில் பொருளற்றுப் போனவர்க்கும் அதில் இடமுண்டு என்பர் மார்க்க அறிஞர். வழியில் தேவைப்படுவது இழிவன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஆதலின் அழைத்துச் செல்லும் ஆசிரியர் புறப்படுமுன்பே உணவுச் செலவைப் பொதுவில் திரட்டி, இயலாதவர் பங்கைப் பிறர் அறியாமல் ஈடுசெய்து, அனைவரையும் ஒரே பந்தியில் அமர்த்துதல் நலம்.

திரும்பும்போது கருவாடு வாங்குவோர், அமுக்கினால் விரல் பதியாததாய், நன்கு காய்ந்ததாய்ப் பார்த்து வாங்குக. இரண்டு உறையிட்டுக் கட்டிக்கொள்ளவும். பேருந்தில் உடன்வருவோர் மூக்கிற்கும் நாம் கடமைப்பட்டுள்ளோம்.