பூஞ்சை தந்த மாத்திரை



வேலூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் ஒடுகத்தூர் என்ற ஊர் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அங்கே கூடும் ஆட்டுச் சந்தை அந்த வட்டாரத்தில் பெயர் பெற்றது. ஆட்டின் இறைச்சிக்கு ஆம்பூர்ப் பக்கத்தில் பிரியாணி அண்டா காத்திருக்கும். தோலுக்கோ பதனிடும் ஆலைகள் காத்திருக்கும்.

தோல் ஆலைக்குச் சென்று பார்த்தால் ஒரு செய்தியை அறியலாம். தோலில், முக்கியமாகச் செம்மறியாட்டுத் தோலில், இயற்கையாகவே கொழுப்பு இருக்கிறது. அதை நீக்காவிட்டால் பதனிடும் பொருளும் சாயமும் தோலுக்குள் சரியாக இறங்கா. ஆகவே ஆலையில் கொழுப்பைக் கழுவி எடுத்துவிடுகிறார்கள்.

ஆனால் உயிருள்ள மனிதனின் இரத்தக் குழாயில் கொழுப்புப் படிந்தால் என்ன செய்வது? குழாயைக் கழற்றிக் கழுவ முடியுமா? முடியாது. அது படியாமல் தடுக்க உதவுவதற்காகவே டாக்டர்கள் ஒரு மாத்திரையைத் தருகிறார்கள். உங்கள் தாத்தாவோ, பாட்டியோ, அப்பாவோ அதைத் தினமும் சாப்பிடக்கூடும். அதன் அட்டையை எடுத்துப் பெயரைப் பாருங்கள். ‘ஸ்டாட்டின்’ என்று பெயர் முடிகிறதா? அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்தைப் பற்றித்தான் நாம் இங்கே தெரிந்துகொள்ளப் போகிறோம்.

கொலஸ்டிரால் நமக்குப் பகையா?

பித்தப்பைக் கற்களில் இருந்துதான் விஞ்ஞானிகள் கொலஸ்டிராலை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். கிரேக்க மொழியில் ‘கோலே’ என்றால் பித்தம். ‘ஸ்டீரியோஸ்’ என்றால் திண்மம். இரண்டும் சேர்ந்து பெயராயிற்று.

பெயரைக் கேட்டவுடன் பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் கொலஸ்டிரால் இல்லாமல் நாம் உயிர் வாழ முடியாது. உடலின் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் அது இருக்கிறது. பித்த நீரும், பல ஹார்மோன்களும் அதிலிருந்தே உண்டாகின்றன. வெயில் பட்டுத் தோலில் உண்டாகும் வைட்டமின் டி கூட அதன் நெருங்கிய உறவினரான ஒரு பொருளிலிருந்துதான் கிடைக்கிறது.

இத்தனை முக்கியமான பொருளை உடல் உணவை மட்டும் நம்பி விட்டுவிடுமா? விடாது. நமக்கு வேண்டிய கொலஸ்டிராலின் பெரும்பகுதியை உடலே செய்துகொள்கிறது. அதில் கல்லீரலுக்கு முக்கியப் பங்கு உண்டு. எனவே இறைச்சியைத் தொடாதவர்களுக்கும் கொலஸ்டிரால் அதிகமாக இருக்கலாம். ‘எங்கள் வீட்டில் யாரும் கறி சாப்பிடுவதில்லை; எங்களுக்குப் பரிசோதனை எதற்கு?’ என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

கொழுப்பு தண்ணீரில் கரையாது என்பதை நீங்கள் அறிவீர்கள். இரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். ஆகவே புரதமும் கொழுப்பும் சேர்ந்த நுண்ணிய பொட்டலங்களில் ஏறித்தான் கொலஸ்டிரால் இரத்தத்தில் பயணம் செய்கிறது. அவற்றுள் எல்.டி.எல். என்ற பொட்டலம் அதிகமானால் ஆபத்து. அது இரத்தக் குழாயின் உட்சுவருக்குள் நுழைந்து தங்குகிறது. அங்கே அழற்சி உண்டாகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல மேடு தட்டுகிறது. ஒரு நாள் அந்த மேடு வெடித்தால் அதன்மேல் இரத்தம் உறைகிறது; குழாய் அடைபடுகிறது. இதயத்துக்குச் செல்லும் குழாயானால் மாரடைப்பு. மூளைக்குச் செல்லும் குழாயானால் பக்கவாதம்.

இதில் ஒரு சூழ்ச்சி இருப்பதைக் கவனித்தீர்களா? மேடு வளரும் ஆண்டுகளில் பெரும்பாலும் வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆகவே, ‘எனக்கு ஒன்றும் இல்லையே, மாத்திரை எதற்கு?’ என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

அரிசியில் கிடைத்த பூஞ்சை

இனி மருந்தின் கதைக்கு வருவோம். ஜப்பானின் வடபகுதியில் விவசாயக் குடும்பம் ஒன்றில் 1933இல் பிறந்தவர் அகிரா எண்டோ. பூஞ்சைகளின்மீது அவருக்குச் சிறு வயதிலேயே ஆர்வம். பென்சிலினைக் கண்ட அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் கதை அவரைக் கவர்ந்தது. டோக்கியோவில் சாங்க்யோ மருந்துக் கம்பெனியில் பணியாற்றியபோது அவர் இவ்வாறு சிந்தித்தார்: பூஞ்சைகள் தம் எதிரிகளை அழிக்க நஞ்சுகளைச் செய்கின்றன. சில எதிரி நுண்ணுயிர்களுக்குக் கொலஸ்டிரால் போன்ற பொருள்கள் தேவை. அப்படியானால், அந்தப் பொருளின் உற்பத்தியையே தடுக்கும் நஞ்சு ஏதாவது ஒரு பூஞ்சையில் இருக்கக் கூடாதா?

1971இல் தேடல் தொடங்கியது. ஏறத்தாழ 6000 நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். கடைசியில் 1973இல் விடை கிடைத்தது. கியோட்டோ நகரத்துத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் வளர்ந்த நீலப் பச்சைப் பூஞ்சை, பெனிசிலியம் சிட்ரினம், அப்படி ஒரு பொருளைச் செய்தது! அதற்குக் காம்பாக்டின் என்று பெயரிட்டார்கள். எலிகளிடம் அது பலிக்கவில்லை. எண்டோ மனம் தளரவில்லை. முட்டையிடும் கோழிகளிடம் சோதித்தபோது கொலஸ்டிரால் வெகுவாகக் குறைந்தது.

1978இல் ஒசாகாவில் 18 வயதுப் பெண் ஒருத்திக்கு இம்மருந்து கொடுக்கப்பட்டது. பரம்பரைக் கோளாறினால் அவளுடைய இரத்தத்தில் கொலஸ்டிரால் மிக மிக அதிகம். மருந்து கொலஸ்டிராலைக் குறைத்தது. ஆனால் தசைகள் பலவீனமாயின. மருந்தை நிறுத்தினார்கள், பலவீனம் நீங்கியது. பிறகு குறைந்த அளவில் மீண்டும் தொடங்கினார்கள். ஸ்டாட்டினைப் பற்றிய முக்கியப் பாடம் அந்த முதல் நோயாளியிடமே கிடைத்துவிட்டது: மருந்து வேலை செய்யும், ஆனால் அளவும் கவனமும் வேண்டும்.

வேறொரு பூஞ்சையில் கிடைத்த லோவாஸ்டாட்டின், 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. எண்டோ 2024இல் காலமானார்.

மாத்திரை என்ன செய்கிறது?

கல்லீரல் செல் கொலஸ்டிராலைப் பல படிகளில் செய்கிறது. அதில் ஒரு முக்கியமான படியை நடத்துவது எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ் என்ற நொதி. ஸ்டாட்டின் அந்த நொதியில் போய் அமர்ந்துகொள்கிறது, உற்பத்தி குறைகிறது. உடனே கல்லீரல் செல், ‘சரக்கு போதவில்லை’ என்று இரத்தத்திலிருந்து எல்.டி.எல். பொட்டலங்களை இழுக்கிறது. அதற்காகத் தன் மேற்பரப்பில் கூடுதல் வாசல்களைத் திறக்கிறது. இதனால் இரத்தத்தில் எல்.டி.எல். குறைகிறது. இந்த வாசல்களைக் கண்டறிந்த மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர்.

இதனால் உயிர் பிழைக்கிறதா? 1994இல் வெளியான ஸ்காண்டினேவிய ஆராய்ச்சி பதில் சொன்னது. இதய நோயுள்ள 4444 பேரை ஏறக்குறையச் சமமான இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சிம்வாஸ்டாட்டின். மற்றதற்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்ததில், வெற்று மாத்திரைப் பிரிவில் 256 பேர் இறந்தார்கள். மருந்துப் பிரிவில் 182 பேர். வித்தியாசம் எத்தனை உயிர்கள் என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

பத்திரமாகச் சாப்பிடுவது எப்படி?

1. தானாகத் தொடங்கக் கூடாது. வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப் பழக்கம், குடும்ப வரலாறு எல்லாவற்றையும் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைக் கடன் வாங்கக் கூடாது. தொடங்குமுன் கல்லீரல் பரிசோதனையும் செய்வது வழக்கம்.

2. தானாக நிறுத்தவும் கூடாது. மாத்திரையை விட்டால் சில வாரங்களில் எல்.டி.எல். பழைய அளவுக்கு ஏறிவிடும். பரிசோதனையில் அளவு குறைந்திருந்தால், ‘நோய் போய்விட்டது’ என்று பொருள் அல்ல. மருந்து வேலை செய்கிறது என்று பொருள்.

3. நேரம். உடல் இரவில்தான் அதிகமாகக் கொலஸ்டிரால் செய்கிறது. உடலில் சீக்கிரம் தீர்ந்துபோகும் சிம்வாஸ்டாட்டினை இரவில் சாப்பிடச் சொல்வது இதனால்தான். அடோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் நெடுநேரம் தங்குபவை. எந்த நேரமானாலும் தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும்.

4. ஒரு நாள் மறந்துவிட்டால், மறுநாள் இரண்டாகச் சாப்பிடக் கூடாது. வழக்கமான ஒன்றே போதும். அளவை இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பாவதில்லை, எல்.டி.எல். மேலும் 6 சதவீதம் அளவே குறையும். பக்க விளைவின் வாய்ப்போ கூடும்.

5. தசை வலி. காரணம் தெரியாத கடும் வலி, பலவீனம், அதனுடன் சிறுநீர் கறுத்துப் போதல் ஆகியவை தசை சிதைவதன் அறிகுறிகள். இது மிக அரிது. ஆனால் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். செரிவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் இத்தகைய மரணங்களால் 2001இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. கண்கள் மஞ்சளானாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஆனால் எல்லா வலிக்கும் மாத்திரை காரணமல்ல. வலியால் ஸ்டாட்டினை நிறுத்தியிருந்த 60 பேரிடம் லண்டனில் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2020இல் வெளியாயிற்று. சில மாதங்கள் ஸ்டாட்டின், சில மாதங்கள் வெற்று மாத்திரை, சில மாதங்கள் ஒன்றுமில்லை. எது மருந்து, எது வெற்று என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டாட்டின் சாப்பிட்டபோது தோன்றிய தொல்லையில் 90 சதவீதம் வெற்று மாத்திரைக்கும் தோன்றியது! வலி பொய்யல்ல, அதன் காரணம்தான் வேறு. எனவே வலி வந்தால் டாக்டரிடம் சொல்லிச் சோதித்துப் பார்ப்பதே முறை. அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம்.

6. மருந்தோடு மருந்து மோதும். ஈரத்தில் நின்று வேலை செய்பவர்களுக்குப் படர்தாமரை வருவது சாதாரணம். அதற்குத் தரும் இட்ரகோனசோல் மாத்திரை, சிம்வாஸ்டாட்டினையும் அடோர்வாஸ்டாட்டினையும் சிதைக்கும் நொதியைத் தடுத்துவிடும். அப்போது இரத்தத்தில் ஸ்டாட்டின் பன்மடங்கு ஏறும், தசைக்கு ஆபத்து. கிளாரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லியும் அப்படியே. கிரேப்ஃப்ரூட் என்ற பழத்துக்கும் இக்குணம் உண்டு. (இது திராட்சை அல்ல; எலுமிச்சை, பம்ப்ளிமாஸ் இனம். பம்ப்ளிமாஸிலும் எச்சரிக்கை நல்லது.) எந்த டாக்டரிடம் போனாலும், மருந்துக் கடையில் நின்றாலும், ‘இந்த மாத்திரையும் சாப்பிடுகிறார்’ என்று அட்டையைக் காட்டுங்கள்.

7. கருவுற்ற பெண்களும் பால் கொடுப்பவர்களும் பொதுவாக ஸ்டாட்டின் சாப்பிடுவதில்லை. கருவுறத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

8. இரத்தச் சர்க்கரையை இம்மாத்திரை சிறிதளவு ஏற்றலாம். ஆயினும் இதய ஆபத்து உள்ளவர்களுக்கு நன்மையே மிகுதி. அவ்வப்போது சர்க்கரையைப் பார்த்துக்கொண்டால் போதும்.

மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதற்காகப் பிரியாணி அண்டாவைக் காலி செய்யலாமா? கூடாது. கொழுப்பைக் குறைத்த உணவு, நடைப் பயிற்சி, புகையை விடுதல் ஆகிய மூன்றும் மருந்தோடு சேர்ந்தே வேலை செய்ய வேண்டும்.

நம் பக்கத்து நிலைமை

‘இதெல்லாம் நகரத்து நோய்’ என்று நினைக்காதீர்கள். வேலூர் நகரத்திலும் கே.வி. குப்பம் வட்டாரக் கிராமங்களிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1991-94இல் ஒரு முறையும், 2010-12இல் மறுமுறையும் ஆய்வு செய்தது. இடைப்பட்ட காலத்தில் கிராமங்களில் நீரிழிவு ஏறக்குறைய மூன்று மடங்காகியிருந்தது. நீரிழிவு உள்ளவருக்கு இதய நோயின் ஆபத்தும் அதிகம் அல்லவா?

2023இல் தமிழ்நாடு அரசு ‘இதயம் காப்போம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாரடைப்பின் அறிகுறியோடு வருபவருக்கு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் முதல் மருந்தைக் கொடுத்துவிடுவதே திட்டம். அம்மருந்துகள் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின். ஒடுகத்தூர் போன்ற மலையடிவார ஊர்களிலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் நேரத்தை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். அந்த மாத்திரைகளை நிலையத்தில் பரிசோதித்துத்தான் தருவார்கள். வீட்டில் நாமாகக் கொடுக்கலாகாது. நெஞ்சு வலி என்றால் 108ஐ அழையுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

பல வீடுகளில் மாத்திரை அட்டையின் எழுத்துகளைப் படிக்கக்கூடியவர் நீங்கள் ஒருவரே. ஒரு தாள் எடுங்கள். வீட்டுப் பெரியவர் சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரையின் பெயர், மில்லிகிராம், நேரம், காலாவதித் தேதி ஆகியவற்றை எழுதுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அதைக் கொடுத்தனுப்புங்கள். உங்கள் அப்பாவுக்கு 55 வயதுக்குள்ளோ, அம்மாவுக்கு 65 வயதுக்குள்ளோ மாரடைப்பு வந்திருந்தால் உங்கள் கொலஸ்டிராலையும் ஒரு முறை பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அது பரம்பரையாகவும் வரக்கூடியது. இளமையில் கண்டுகொண்டால் தடுப்பது எளிது.