களவைக் குறைத்த வணிகம்

உழவன் விளைத்த நெல்லைக் கவர்தல் களவு என்பதை யாவரும் அறிவர். இசைவாணர் ஆக்கிய பாட்டை அவர் இசைவின்றிப் படியெடுத்துப் பரப்புதலும் களவே என்பதைப் பலர் உணர்வதில்லை. நெல்லைக் கவர்ந்தால் குதிர் குறையும். பாட்டைப் படியெடுத்தால் பாட்டுக் குறைவதில்லை. குறைவது அதனை ஆக்கியோரின் ஊதியமேயாம்.

1999-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நாப்ஸ்டர் என்னும் மென்பொருள் தோன்றிற்று. அதன் வாயிலாக மக்கள் தத்தம் கணிப்பொறியில் இருந்த பாடல்களை ஒருவருக்கொருவர் விலையின்றி வழங்கிக்கொண்டனர். இசை நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன; 2001-இல் நாப்ஸ்டர் நின்றது. ஆயினும், களவு நிற்கவில்லை. ஒரு வாயிலை அடைக்கப் பல வாயில்கள் திறந்தன. 2003-இல் சுவீடன் நாட்டில் எழுந்த பைரேட் பே என்னும் இணையத்தளம் அவற்றுள் ஒன்று. அதனை நடத்தியோர்க்கு 2009-இல் நீதிமன்றம் தண்டனை விதித்த பின்னரும் அத்தளம் மறையவில்லை.

களவு மிகுந்த அந்நாட்டிலேயே அதற்கு மாற்றும் பிறந்தது. ஸ்டாக்ஹோம் நகரில் நிறுவப்பெற்ற ஸ்பாட்டிஃபை 2008-இல் தன் பணியைத் தொடங்கிற்று. பொருள் இல்லார் விளம்பரங்களுக்கிடையே விலையின்றிக் கேட்கலாம். இயன்றோர் திங்கள்தோறும் சிறு கட்டணம் செலுத்தி விளம்பரமின்றிக் கேட்கலாம். இருவகை வருவாயிலிருந்தும் பாட்டின் உரிமையாளர்க்குப் பங்கு சென்றது. களவுவழியிலோ தேடவேண்டும், காத்திருக்கவேண்டும், கணிப்பொறியைக் கெடுக்கும் வைரஸுக்கும் அஞ்சவேண்டும். நேர்வழியில் விரும்பிய பாட்டு அந்நொடியே ஒலித்தது. எளிய வழி நேர்வழியாகவும் அமைந்தமையின் பலர் அதனையே மேற்கொண்டனர். தேய்ந்துவந்த சுவீடன் இசைத்துறையின் வருவாய் மீண்டும் வளரலாயிற்று.

திரைப்படத்தின் நிலை வேறு. பெரும்பாலான பாடல்கள் ஒரே நிறுவனத்திடம் கிடைப்பதுபோலத் திரைப்படங்கள் கிடைப்பதில்லை. ஒரு படம் நெட்ஃபிளிக்ஸில் இருக்கும். மற்றொன்று டிஸ்னி பிளஸில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கட்டணம் செலுத்த இயலாதாருள் சிலர் மீண்டும் களவுவழியை நாடுகின்றனர்.

இவற்றால் அறியத்தக்கது யாது? தண்டனை ஒரு வாயிலை அடைக்கும். நேர்வழி எளிதும் மலிவும் ஆயின் களவு பெரிதும் குறையும். எனினும், விலைமிகுதி களவுக்குக் காரணம் ஆகலாமேயன்றி நியாயம் ஆகாது. விற்போர் மக்களுக்கு இயன்ற விலையை வைத்தல் வேண்டும். கொள்வோர் அதனை மனமுவந்து கொடுத்தல் வேண்டும். இவ்விரண்டும் கூடியவழியே கலைஞர் வீட்டில் அடுப்பு எரியும். புதிய பாட்டும் பிறக்கும்.