கழிவு வாயுவின் ஆற்றலும் காரின் எரிபொருட் சிக்கனமும்

பெங்களூர் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்குக் காற்றின் அழுத்தம் சென்னைக் கடற்கரையில் உள்ளதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆதலின் சாதாரண எஞ்சின் ஒவ்வோர் உறிஞ்சலிலும் உள்ளிழுக்கும் காற்றின் எடையும் ஏறக்குறைய அவ்வளவு குறைகிறது. எஞ்சினின் உச்சத் திறனும் உடன் தாழ்கிறது. டர்போ என்று சுருக்கமாக வழங்கப்பெறும் டர்போசார்ஜர் இக்குறையைப் பெரும்பாலும் ஈடு செய்கிறது. எனினும், டர்போ பூட்டிய கார் வாங்கிய அந்நகரத்தார் பலர், லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று விற்பனையின்போது கேட்ட கணக்கு நகரச் சாலையில் கிடைப்பதில்லை என்று குறைப்படுவதுண்டு. இவ்விரண்டு செய்திகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல.

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான வாயுவைக் கொண்டே அதற்குக் காற்றூட்டும் முறைக்கு ஸ்விட்சர்லாந்து நாட்டு எஞ்சினியர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். உயரமான இடத்தில் இம்முறையின் பயனை உலகறியச் செய்தது 1918-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை. சான்ஃபோர்டு மாஸ் என்பார் லிபர்ட்டி விமான எஞ்சினை ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்திற்கு ஏற்றிச் சென்றார். தரை மட்டத்தில் 350 குதிரைத் திறன் காட்டிய அந்த எஞ்சின், சிகரத்தில் 230 அளவே காட்டியது. டர்போவைப் பூட்டியவுடன் 356 காட்டியது.

பெட்ரோல் எரிவதால் உண்டாகும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, வெப்பமாகப் புகைக்குழாய் வழியே வீணாகிறது. இவ்வாறு வெளியேறும் வாயு செல்லும் வழியில் ஒரு சிறு டர்பைன் சக்கரம் வைக்கப்பெறுகிறது. அதே அச்சின் மறு முனையில் உள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. அச்சு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். அமுக்கப்பட்ட காற்று சூடேறுமாதலின், இடையில் ஒரு குளிர்விப்பான் அதனைத் தணிக்கிறது. இவ்வாறு வந்து சேரும் காற்றுக்கு ஏற்ற எரிபொருளை அளந்து விடுவது பாய்ச்சு கருவியின் வேலை. இத்துறையில் பெங்களூருக்குப் பழைய தொடர்புண்டு. 1950-களில் ஆடுகோடியில் எழுந்த மைகோ தொழிற்சாலை டீசல் எஞ்சின்களுக்கான எரிபொருட் பம்புகளைச் செய்து நாடெங்கும் பெயர் பெற்றது. அக்கம்பெனி 2008-ல் பாஷ் எனப் பெயர் மாறியது.

இனி, சிக்கனம் எங்கே பிறக்கிறது என்று காணலாம். டர்போ தானாக எரிபொருளை மிச்சப்படுத்துவதில்லை. பெரிய எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் சிறிய எஞ்சினை வைக்க அது இடந்தருகிறது. ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் எஞ்சின், தேவைப்படும்போது ஒன்றரை லிட்டர் எஞ்சினின் திறனைத் தரும். மற்ற வேளைகளில் உராய்வும் உறிஞ்சும் உழைப்பும் குறைந்து, சிறிய எஞ்சினாகவே அது செலவிடும். ஆனால் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை அழுந்த மிதித்தவுடன் காற்று மிகுதியாகப் புகுகிறது; அதற்கேற்ப எரிபொருளும் புகுகிறது. அப்போது செலவைப் பொறுத்தவரை அது சிறிய எஞ்சின் அன்று. பெட்ரோல் எஞ்சினில் வேறொரு தொல்லையும் உண்டு: அழுத்தமும் வெப்பமும் மிகும்போது கலவை தானே வெடித்துத் தட்டும் ஓசை எழாதபடி, தீப்பொறியைத் தாமதப்படுத்தவும், சில நிலைகளில் குளிர்ச்சிக்காகவே கூடுதல் பெட்ரோல் பாய்ச்சவும் நேரிடும். டீசல் எஞ்சினுக்கு இத்தொல்லை இல்லை.

டாம்டாம் நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் உலகிலேயே நெரிசல் மிகுந்த நகரமாகப் பெங்களூர் குறிக்கப்பெற்றது. தடையற்ற சாலையில் ஆகும் நேரத்தைவிடச் சராசரியாக 71 விழுக்காடு கூடுதல் நேரம் பயணத்திற்கு ஆயிற்று. 1,200 கிலோகிராம் எடையுள்ள காரை நின்ற நிலையிலிருந்து மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திற்குக் கொணர ஏறத்தாழ 1,16,000 ஜூல் ஆற்றல் வேண்டும். எஞ்சின் எரிபொருளில் கால் பங்கையே வேலையாக மாற்றுவதாகக் கொண்டால், இதற்குச் சுமார் 15 மில்லிலிட்டர் பெட்ரோல் ஆகும். பிரேக் மிதித்தவுடன் அவ்வளவும் வெப்பமாகக் காற்றில் போகிறது. சில்க் போர்டு சந்திப்பிலும் ஹெப்பாளிலும் இவ்வாறு 70 முறை எழுந்து நின்றால் ஒரு லிட்டர் தீர்ந்தது. உருளைகளின்மேல் ஓட்டி அளக்கப்பெறும் ஆய்வகக் கணக்கு இந்நெரிசலைக் காணாது.

ஆகவே, எட்டத்திலேயே சிவப்பு விளக்கைக் கண்டு காலை எடுத்துவிட்டு, கியரிலேயே வண்டியை உருள விடுவதே பெரிய சேமிப்பு; அந்நிலையில் இன்றைய எஞ்சின்கள் எரிபொருளை அறவே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில் உருட்டுவது சிக்கனம் என்னும் பழைய எண்ணம் இங்குப் பொருந்தாது. திறந்த சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டருக்குப் பதிலாக 45 முதல் 55 வரை ஓட்டினால் 40 விழுக்காடு வரை கூடுதல் தூரம் கிடைக்கும் என்பது டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனத்தின் சோதனைகளில் கண்ட முடிவு. நெடுஞ்சாலையில் கடுமையாக ஓடிவந்த டர்போ எஞ்சினை நிறுத்துமுன் ஒரு நிமிடம் மெல்ல ஓட விடுவது வீண்செலவு அன்று. சூடான அச்சை எண்ணெய் குளிர்விக்க அந்நேரம் வேண்டும்.

பராமரிப்பில் கருதத்தக்கவை சிலவே. டர்போவின் அச்சு எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுழல்வதால், குறித்த தர எண்ணெயைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். அமுக்கியிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர் குழாயில் கசிவு இருப்பின் திறன் குறையும். டீசல் காரில் கரும்புகை எழும். ஓட்டுநர் மேலும் மேலும் மிதிப்பார். டயர்க் காற்று கால் பங்கு குறைந்தால் 5 முதல் 10 விழுக்காடு எரிபொருள் கூடுதலாகும் என்று பெட்ரோலியச் சேமிப்பு ஆய்வுக் கழகம் தெரிவிக்கிறது.

சிக்கனத்தை அளப்பதிலும் கவனம் வேண்டும். சென்னையிலிருந்து பெங்களூருக்கு வரும் கார் 900 மீட்டர் ஏறுகிறது. 1,200 கிலோகிராமை அவ்வுயரம் தூக்க ஏறத்தாழ 106 லட்சம் ஜூல் தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 320 லட்சம் ஜூல் உண்டு. அதில் 30 விழுக்காடே பயன்பட்டால், இந்த ஏற்றம் ஒன்றுக்கே 1.1 லிட்டர் ஆகும். வகுப்பில் மாணவரே போட்டுப் பார்க்கத்தக்க கணக்கு இது. திரும்பும்போது இதில் ஒரு பகுதி மீளக் கிடைக்கும். எனவே ஒரு வழிப் பயணத்தைக் கொண்டு காரைப் புகழ்வதும் பழிப்பதும் தவறாகும்; டாங்கியை முழுதும் நிரப்பிப் புறப்பட்டு, போய்த் திரும்பியபின் அதே பம்பில் அதே அளவிற்கு நிரப்பி, ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுத்தல் வேண்டும்.