சம்மனின் மேல்வரியைப் படியுங்கள்

அமெரிக்காவில் பத்துப் பதினைந்து வருடம் குடியிருந்தவர்கள்கூட, கோர்ட்டிலிருந்து தாள் வந்தால் மடித்து இழுப்பறையில் வைத்துவிடுகிறார்கள். வாய்தா கிடைக்கும், பிறகு பார்க்கலாம் என்கிற ஊர் நினைப்பு. கிரெடிட் கார்டு பாக்கி வழக்குக்குப் பதில் போடாவிட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகிவிடும். அடுத்து வங்கிக் கணக்கில் கை வைப்பார்கள். பல மாநிலங்களில் சம்பளத்திலும் பிடித்தம்.

தாளின் உச்சியில் எந்தக் கோர்ட்டின் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். முன்சீப் கோர்ட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை நம் ஊரில் ஒரே ஏணி. அங்கே 94 மாவட்டக் கோர்ட்டுகள் கொண்ட ஃபெடரல் அமைப்பு தனி. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதனதன் கோர்ட்டுகள் தனி. விவாகரத்து, வாடகை, உயில், கார் விபத்து, கடன் பாக்கி எல்லாம் பெரும்பாலும் மாநிலக் கோர்ட்டில். திவால், காப்புரிமை ஃபெடரலில். நியூவர்க் போன்ற ஊரில் இரண்டுமே உண்டு. ஒன்றுக்குரிய மனுவை மற்றதில் கொடுத்துவிட்டு, அவர்களே அனுப்பிவைப்பார்கள் என்று இருக்காதீர்கள்.

பதில் போடும் கெடுவும் வேறு வேறு. ஃபெடரலில் சம்மன் கைக்கு வந்ததிலிருந்து பொதுவாக 21 நாள். நியூஜெர்சி சுப்பீரியர் கோர்ட்டில் 35 நாள். டெக்சாஸ் மாவட்டக் கோர்ட்டில் 20 நாள் கழிந்து வரும் திங்கள் காலை 10 மணி. சிறு வழக்குக் கோர்ட்டுகளில் இதுவும் மாறும், ஆகவே சம்மனிலேயே படியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கணக்கு வேண்டாம்.

வழக்கு எண்ணைக் குறித்துக்கொண்டு அந்தக் கோர்ட்டின் கிளார்க் அலுவலகத்துக்குப் போங்கள். "நான் என்ன செய்யட்டும்?" என்றால், சட்ட ஆலோசனை தரமாட்டோம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "பதில் மனுவுக்குப் படிவம் எது, கட்டண விலக்குக்குப் படிவம் எது?" என்று கேளுங்கள். மனுவைத் தாக்கல் செய்து, உங்கள் பிரதியில் முத்திரை வாங்கி, இன்னொரு பிரதியை எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அனுப்புங்கள். அனுப்பியதற்குச் சான்றும் கையில் இருக்கட்டும்.

குடியேற்றக் கோர்ட் அந்த மாநில, ஃபெடரல் கோர்ட் அமைப்புகள் இரண்டிலும் சேராது. அது நீதித்துறை அமைச்சகத்தின் கீழ். அங்கே வழக்கு இருப்பவர் வீடு மாறினால் 5 வேலைநாளுக்குள் இஓஐஆர்-33 படிவத்தை அந்தக் கோர்ட்டுக்கே கொடுக்க வேண்டும், அரசுத் தரப்பு வக்கீலுக்கும் ஒரு பிரதி. குடியேற்றச் சேவை அலுவலகத்துக்கு ஏஆர்-11 முகவரி மாற்றப் படிவம் போட்டாயிற்றே என்பார்கள். அது வேறு அலுவலகம். திரும்பவும் சொல்கிறேன், அது இதற்குச் செல்லாது. நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய், விசாரணைக்கு வராதவர் மீது வெளியேற்ற உத்தரவு பிறந்துவிடும்.

கடையில் பொருள் எடுத்ததாக மாநிலக் கோர்ட்டில் வழக்கு வந்தால், அபராதம்தானே என்று குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த ஒப்புதலே ஃபெடரல் குடியேற்றச் சட்டத்தில் விசாவுக்கும் கிரீன் கார்டுக்கும் வினையாகலாம். வெளியேற்ற ஆபத்து உண்டா என்பதைக் கட்சிக்காரருக்குச் சொல்வது குற்றவியல் வக்கீலின் கடமை என்று 2010இல் படியா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் தானாகச் சொல்லாவிட்டால் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.