கும்மியும் அதன் களமும்

ஆடல் இருவகைத்து. காண்போர்க்கென ஆடுவது ஒன்று. ஆடுவோர் தம்முள் மகிழ்தற்கென ஆடுவது மற்றொன்று. பின்னையதன் இசை, அஃது ஆடப்பெறும் களத்தோடு பிரிக்கலாகாத தொடர்புடையது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் ஆயர் மகளிர் எழுவர் வட்டமாய் நின்று கைகோத்து ஆடுவர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைப் பெயர்களே அவர்க்கு இடப்பெறுகின்றன. ஆடுவோர் வேறு, இசை வேறு அன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

யாழ்ப்பாணத்துக் கும்மி வீட்டு முற்றத்திலும் கோயில் வீதியிலும் ஆடப்பட்டது. மணலும் சாணத்தால் மெழுகிய மண்ணும் காலடியோசையை எழுப்பா. ஆதலின் தாளம் கையில் ஏறியது. ஒருத்தி பாட, ஏனையோர் வாங்கிப் பாடுவர், கைகொட்டே தாளமாகும். கோலாட்டத்திலும் வசந்தன் ஆட்டத்திலும் கோல்கள் அத்தொழிலைச் செய்யும். மட்டக்களப்பில் வழங்கிய வசந்தன் பாடல்களைத் திரட்டி, தி. சதாசிவ ஐயர் 1940 இல் நூலாக வெளியிட்டார்.

அயர்லாந்து நாட்டார் அடுக்களையிலும் நாற்சந்தியிலும் ஆடினர். அடுக்களையின் கற்றரையில் காலே தாளமிடும். பிடிலும் குழலும் பாட்டின்றியே மெட்டிசைக்கும். ‘ஜிக்’ என்னும் மெட்டு மும்மூன்றாய் அடுக்கி வருதலின் நமது திசிர நடையை ஒக்கும். 1935 இல் பொது நடனங்கட்கு உரிமம் வேண்டுமெனச் சட்டம் எழுந்தது. அதன்பின் ஆடல் பெரிதும் கூடங்கட்குப் பெயர்ந்தது. கூடத்தை நிறைக்கவல்ல பியானோவும் முரசும் சேர்ந்த இசைக்குழுக்கள் பெருகின. களம் மாற, இசையும் மாறிற்று.

நம்மிடையே சட்டம் எதுவுமின்றியே அம்மாற்றம் நிகழ்கின்றது. யான் கற்பித்த பாடசாலையொன்றின் விழாவில் மாணவியர்க்குக் கும்மி பழக்கினேன். மேடைக்கேற்ப வட்டத்தைப் பிறைவடிவாக்கினேன். பாட்டை ஒலிப்பதிவினின்றும் ஒலிக்கச் செய்தேன். இடையே மின்சாரம் நின்றது. பிள்ளைகள் கைகளை உயர்த்தியபடியே நின்றனர். ஒருத்திக்கேனும் அடுத்த அடி தெரிந்திலது. பிழை அவர்களதன்று, பாட்டை அவர்தம் வாயினின்றும் எடுத்தவன் யானே.

மறுவாரம் அவர்களை வேப்பமரத்தடி மணலில் வட்டமாக நிறுத்தி, பாட்டையே முதலிற் பயிற்றினேன். கண்டுநின்ற சிறுமியரும் தாமே வட்டத்துட் புகுந்தனர். மேடையை வேண்டாவென யான் கூறேன். ஆயின், மேடையேறுமுன் ஒருமுறையேனும் முற்றத்தில் நின்று, தம் வாயாற் பாடித் தம் கையாற் கொட்டி ஆடிய பிள்ளைகளே கும்மி கற்றவராவர். ஆசிரியர் இதனை மனங்கொள்வாராக.